ஒரு சதவீதக் குறி தொலைந்த கதை
(சோதனைப் பெயர்களும் கட்டளை வரியும்)

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை

"ஏப்பா தம்பி, 50 பெர்சென்ட்னு போட்டா 50 ரூபாதான் குறையுது. இப்படி பில் போட்டா தீபாவளிக்கு முந்தின நாள் என் கடைக் கண்ணாடி மிஞ்சாதுப்பா!"

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கடை. ப்ராஜெக்டுக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து அந்தக் கடைக்குப் பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ரூ.3,240-க்குச் சரக்கு, 50 சதவீதத் தள்ளுபடி என்றால் பில் ரூ.1,620 வர வேண்டும். திரையில் நின்றது ரூ.3,190.

தப்பு வந்ததில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து தள்ளுபடிப் பகுதியை அவசரமாக மாற்றியிருந்தோம். ஆச்சரியம் வேறு இடத்தில். மாற்றிய கையோடு அந்தத் தள்ளுபடிக்கான சோதனையை ஓட்டிப் பார்த்தோம். "1 பாஸ்டு" என்று பச்சையில் வந்தது. நாலு பேரும் பார்த்தோம். பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அதைத்தான் எழுதுகிறேன். ஜூனியர் நண்பர்களே, உங்கள் ஞாயிற்றுக்கிழமையாவது மிஞ்சட்டும்.

முதலில் ஒரு விஷயம். இந்த மலர் முழுக்கத் தமிழ் எழுத்தில் கோர்ப்பதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். குறிகள் மட்டும் இங்கே உள்ளபடியே.

நாங்கள் புரோகிராம் எழுதியது பைதானில், சோதனைக்குப் பயன்படுத்தியது பைடெஸ்ட். சோதனை என்றால் வேறொன்றும் இல்லை. "இந்தச் சரக்கு, இந்தத் தள்ளுபடி கொடுத்தால் இந்தத் தொகை வர வேண்டும்" என்று சரிபார்க்கிற ஒரு குட்டி ஃபங்ஷன். ஒரே ஃபங்ஷனைப் பல மதிப்புகளுக்கு ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது பைடெஸ்ட் அந்த மதிப்பையே சதுர அடைப்புக்குள் போட்டுப் பெயராக்கிவிடும். 50 ரூபாய் கழிவுக்கு டெஸ்ட்_தள்ளுபடி[50]. 50 சதவீதக் கழிவுக்கு டெஸ்ட்_தள்ளுபடி[50%]. இரண்டும் எங்களிடம் இருந்தன. இந்த இரண்டு பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பே பெயராகிறது என்பது கேட்க வசதிதான். ஆனால் நம்ம ஊர்ப் பட்டாசு விலைப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். 4" லட்சுமி. 2¾" குருவி. பிஜிலி (100). ரெட்&கிரீன் மத்தாப்பு. அங்குலக் குறி, பின்னம், அடைப்பு, அண்டு குறி, சதவீதம்... கட்டளை வரிக்கு எந்தெந்தக் குறி ஆகாதோ அத்தனையையும் தேடிப் பிடித்து ஒரே தாளில் அச்சடித்தது போல இருக்கும்! அண்ணாச்சியிடம் போய் "4 இஞ்ச் என்று எழுத்தில் எழுதுங்கள்" என்று சொல்ல முடியுமா? பட்டியலும் சிவகாசியிலேயே அச்சாகி, ஊர் ஊராகப் போய்விட்டதே.

வாசல் காவலர்

பட்டாசு ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும். வாசலில் காவலர் நிற்பார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவானாலும் வாங்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தோடுதான் உள்ளே விடுவார். உள்ளே இருக்கிற மேஸ்திரிக்கு நீங்கள் என்ன கொண்டு வந்தீர்கள் என்பது தெரியாது. என்ன மிஞ்சியது என்பதுதான் தெரியும்.

கட்டளை வரியிலும் இதே கதைதான். நீங்கள் தட்டியதை முதலில் படிப்பது பைடெஸ்ட் இல்லை. ஷெல் என்கிற காவலர். லினக்ஸில் பெரும்பாலும் பாஷ், புது மேக் கணிப்பொறிகளில் ஸீஷெல் (2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து), விண்டோஸில் பழைய சிஎம்டி அல்லது பவர்ஷெல். இவர் தனக்குச் சொந்தமான குறிகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உள்ளே அனுப்புகிறார். பைடெஸ்டுக்குப் போய்ச் சேருவது நீங்கள் தட்டிய பெயர் இல்லை, காவலர் விட்ட பெயர்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1971-இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸின் முதல் பதிப்பு வந்தபோதே * ? போன்ற குறிகளைக் கோப்புப் பெயர்களாக விரித்துக் கொடுக்க "குளோப்" என்று தனியாக ஒரு புரோகிராம் இருந்தது. பிறகு அந்த வேலை ஷெல்லுக்குள்ளேயே போய்விட்டது. 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லின் மேற்கோள் விதிகளைத்தான் இன்றைய பாஷும் பெரும்பாலும் பின்பற்றுகிறது. டாஸ், விண்டோஸ் வழி வேறு. அங்கே ஷெல் நட்சத்திரத்தை விரிக்காது. வரியை அப்படியே ஒரே சரமாகப் புரோகிராமிடம் தள்ளிவிடும், பிரித்துக்கொள்வது புரோகிராமின் பாடு. ஆகவே லேபில் படித்த விதி கடையில் செல்லாது. எங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது.

கத்துகிற தவறு, கத்தாத தவறு

என் கணக்கில் இந்தக் குறிகள் இரண்டே ஜாதி. சில, தவறு நடந்தால் கத்தும். சில கத்தாது.

லேபில் எங்கள் செட்டில் ஒருத்தன் பெயரில் 4" லட்சுமியை அப்படியே தட்டினான். என்டர் அழுத்தியதும் அடுத்த வரியில் > என்று ஒரு குறி வந்து நின்றுவிட்டது. "ஹேங் ஆயிருச்சுடா" என்று சுவிட்சை அணைக்கப் போனான். ஹேங் எல்லாம் இல்லை. அங்குலக் குறியை மேற்கோளின் ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டு, "முடிவு எங்கே?" என்று பாஷ் காத்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். பிஜிலி(100) என்று தட்டினால் அடைப்புக் குறியைக் காட்டி, இலக்கணப் பிழை என்று உடனே திட்டும். இந்த இரண்டும் நல்ல பிள்ளைகள். திட்டு வாங்கினோம், திருத்தினோம், தீர்ந்தது.

ரெட்&கிரீன் அப்படி இல்லை. பைடெஸ்டில் -கே என்று போட்டு ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் உள்ள சோதனைகளை மட்டும் ஓட்டும். நாங்கள் தட்டியது இது:

பைடெஸ்ட் -கே ரெட்&கிரீன்

பாஷுக்கு & என்றால் "இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு, மிச்சம் வேறு கட்டளை" என்று அர்த்தம். ஆகவே "ரெட்" என்ற சொல் உள்ள சோதனைகள் எல்லாம் ஓடின, பாஸும் ஆயின. "கிரீன் என்று ஒரு கட்டளை இல்லை" என்று ஒரு வரி நடுவில் எங்கேயோ வந்து போயிருக்கிறது. பச்சை எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு அது படவில்லை.

அடுத்தது, அளவு நூறுக்கு மேல் போனால் கூடுதல் கழிவு என்பதற்கான சோதனை.

பைடெஸ்ட் -கே அளவு>100

திரையில் ஒன்றுமே இல்லை. அமைதி! "எர்ரர் இல்லேல்ல, அப்ப சரிதான்" என்று எழுந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து அந்த டைரக்டரியில் "100" என்ற பெயரில் ஒரு கோப்பு கிடந்தது. திறந்தால் உள்ளே சோதனை அறிக்கை, அதில் இரண்டு ஃபெயில். > என்றால் வெளிவருவதைக் கோப்பில் கொட்டு என்று அர்த்தம். முதல் செமஸ்டரிலேயே படித்தது. படித்தது பரீட்சைக்கு மட்டும்தானே!

# குறியும் இதே ரகம். "வாலா #2" என்று மேற்கோள் இல்லாமல் தட்டினால், இடைவெளிக்குப் பின் வரும் # முதல் வரி முடிவு வரை பாஷுக்குக் குறிப்புரை. அது விட்டுவிடும். "வாலா" உள்ள அத்தனையும் ஓடும்.

இவற்றைவிட மோசம் டாலர். வேறொரு செட் நண்பர்கள் அச்சகத்துக்கு விலை சொல்லும் புரோகிராம் எழுதினார்கள். உள்ளூர் ஆர்டர் ரூபாயில், வெளிநாட்டு ஆர்டர் டாலரில். டெஸ்ட்_விலை[2] என்று ஒரு சோதனை, டெஸ்ட்_விலை[$12] என்று இன்னொன்று. மேற்கோள் போட வேண்டும் என்று தெரிந்த பிள்ளைகள். இரட்டை மேற்கோள் போட்டுத்தான் ஓட்டினார்கள்:

பைடெஸ்ட் "டெஸ்ட்_அச்சு.பிஒய்::டெஸ்ட்_விலை[$12]"

இரட்டை மேற்கோளுக்குள்ளும் $ வேலை செய்யும். $1 என்பது ஷெல்லின் முதல் வாதத்துக்கான பெயர். நாம் கையால் தட்டும் ஷெல்லில் அது காலி. ஆக $12 என்பதில் $1 மறைந்து வெறும் 2 மிஞ்சும். ஓடியது டெஸ்ட்_விலை[2]. "1 பாஸ்டு." டாலர்ச் சோதனை அந்த செமஸ்டர் முழுக்க ஒருமுறைகூட ஓடவே இல்லை.

ஒற்றையும் இரட்டையும்

பாஷில் இரட்டை மேற்கோள் என்பது பாதி திறந்த கவர். இடைவெளி, * ? & > # ( ) எல்லாம் பத்திரமாகப் போகும். ஆனால் $, பின்சாய்கோடு, பின்மேற்கோள் மூன்றையும் காவலர் விரல் விட்டுத் தொடுவார். நேரடியாகத் தட்டும்போது ஆச்சரியக் குறியையும் தொடுவார், பழைய கட்டளையைக் கொண்டுவந்து செருகிவிடுவார். ஒற்றை மேற்கோள் அரக்கு வைத்து ஒட்டிய கவர். உள்ளே எது இருந்தாலும் அப்படியே போகும். ஆகவே லினக்ஸில் சோதனைப் பெயருக்கு ஒற்றை மேற்கோள்தான்:

பைடெஸ்ட் 'டெஸ்ட்_பில்.பிஒய்::டெஸ்ட்_விலை[4" லட்சுமி]'

ஒரே ஒரு தொல்லை, ஒற்றை மேற்கோளையே அதற்குள் வைக்க முடியாது. அடிக் கணக்கு எழுத 5' என்று வந்தால், கவரை மூடி, பின்சாய்கோட்டோடு ஒரு ' போட்டு, மறுபடி கவரைத் திறக்க வேண்டும்.

சதுர அடைப்பும் ஷெல்லுக்கு விசேஷக் குறிதான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். [50] என்றால் "5 அல்லது 0, ஏதாவது ஓர் எழுத்து" என்று அதற்கு அர்த்தம். அப்படிப் பெயருள்ள கோப்பு இல்லாவிட்டால் பாஷ் தட்டியதை அப்படியே விட்டுவிடும், அதனால்தான் மேற்கோள் இல்லாமலும் பல சமயம் ஓடுகிறது. ஸீஷெல் விடாது. பொருந்தும் கோப்பு இல்லை என்று நிறுத்திவிடும். "என் மெஷின்ல ஓடுச்சே" என்ற லேப் சண்டையில் பாதி இதனால்தான்.

காவலரைத் தாண்டிவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. உள்ளே மேஸ்திரிக்கும் விதி உண்டு. -கே-க்குப் பின் வருவதைப் பைடெஸ்ட் வெறும் சொல்லாகப் பார்ப்பதில்லை. அண்ட், ஆர், நாட் சேர்ந்த ஒரு கோவையாகப் படிக்கிறது. அதனால் 'ரெட்&கிரீன்' என்று ஒற்றை மேற்கோள் போட்டு ஷெல்லைத் தாண்டினாலும், & எனக்குப் புரியாது என்று பைடெஸ்டே திருப்பி அனுப்பும். அங்கே முழுப் பெயரைக் கொடுப்பது ஒரு வழி.

நாளைக்கு வேறு கம்பெனியில் வேறு கருவியில் உட்காருவீர்கள். மேஸ்திரி மாறுவார், அவ்வளவுதான். கோ மொழியில் உட்சோதனைப் பெயரில் இடைவெளி விட்டால் அது அடிக்கோடாகிவிடும், / போட்டால் இரண்டு படியாகப் பிரித்துவிடும். கூகுள்டெஸ்டின் வடிகட்டியில் * ? : - நான்குக்கும் தனி அர்த்தம். டாட்நெட்டில் அடைப்புக் குறி, & | = ! ~ எல்லாவற்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு வேண்டும்.

தமிழ்ப் பெயர் வைத்தால்

"தமிழ்லயே பேர் வைப்போம்டா" என்று ஆரம்பித்தது நான்தான். பைதான் 3 அதை அனுமதிக்கிறது. ஆனால் சதுர அடைப்புக்குள் வரும் தமிழ் மதிப்பைப் பைடெஸ்ட் அப்படியே காட்டாது. ஒவ்வொரு குறியையும் பின்சாய்கோடு, ஒரு யு, நாலு இலக்க எண் என்று மாற்றிவிடும். யூனிகோடில் லட்சுமி என்பது ல, ட, புள்ளி, ச, உகரக் குறி, ம, இகரக் குறி என ஏழு துண்டு. ஆக நாலெழுத்து லட்சுமி 42 எழுத்து நீளமாகிவிட்டாள்! அந்தப் பின்சாய்கோடுகளை மேற்கோள் இல்லாமல் தட்டினால் பாஷ் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

இந்த மாற்றத்தை நிறுத்த ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பெயரையே தமிழில் சொன்னால், "சோதனைப் பெயர் மாற்றத்தை நிறுத்தி, சமூக உதவிக்கான எல்லா உரிமையையும் கைவிடுகிறேன்" என்று வரும். பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது போல இருக்கிறது. எழுதியவர்களுக்கே பயம்! நாங்களும் போட்டுப் பார்த்தோம். பெயர் தமிழில் அழகாக வந்தது. ஆனால் -கே லட்சுமி என்றால் மறுக்கிறது. காரணம், பைதானின் தேடல் விதியில் "சொல்லுக்குரிய எழுத்து" என்ற கணக்கில் நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் வருவதில்லை. ஃபங்ஷன் பெயரில் வைக்க அனுமதிக்கிற அதே பைதான், தேடும்போது அது எழுத்தே இல்லை என்கிறது.

இன்னொரு கண்ணி. கொள்முதல் என்பதில் உள்ள "கொ"வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஃபங்ஷன் பெயரைப் பைதான் ஒரே குறியாகச் சீராக்கிக்கொள்ளும். கட்டளை வரியில் நீங்கள் தட்டியதை யாரும் சீராக்குவதில்லை. இரண்டாகத் தட்டிவிட்டால் "அப்படி ஒரு சோதனை இல்லை" என்று வரும், நீங்கள் மணிக்கணக்கில் திரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யூனிகோடில் தமிழ் 1991-லேயே ஏறிவிட்டது. இந்தச் சின்ன விஷயம் இன்னும் ஆளை அலைக்கழிக்கிறது.

தொலைந்த குறி

இனி அண்ணாச்சி கடைக்கு வருவோம். அங்கே விண்டோஸ். முழுச் சோதனையும் ஓடி முடிய நேரம் ஆகும் என்பதால், சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் ஓட்ட ஒரு பேட்ச் கோப்பு எழுதி வைத்திருந்தோம். அதில் ஒரே வரி:

பைடெஸ்ட் "டெஸ்ட்_பில்.பிஒய்::டெஸ்ட்_தள்ளுபடி[50%]"

ஞாயிறன்று இதே வரியை நான் கையால் தட்டினேன். சிவப்பு, ஃபெயில். பேட்ச் கோப்பை ஓட்டினால் பச்சை. மறுபடி கையால்: சிவப்பு. மறுபடி கோப்பு: பச்சை. பேய் பிடித்த மாதிரி இருந்தது. கடைசியில் நண்பன்தான் கேட்டான், "டேய், பச்சை வர்றப்ப திரையில கட்டளை எப்படித் தெரியுதுன்னு பாரு."

பார்த்தோம். [50]. சதவீதக் குறியைக் காணோம்!

சிஎம்டி-யில் % என்பது மாறியைச் சுட்டும் குறி. கையால் தட்டும்போது துணையில்லாத ஒற்றை % வந்தால் விட்டுவிடும். பேட்ச் கோப்புக்குள் என்றால் அதையே சத்தமில்லாமல் நீக்கிவிடும். இரட்டை மேற்கோளும் காப்பாற்றாது. ஒற்றை மேற்கோளை சிஎம்டி மேற்கோளாகவே மதிக்காது. ஆக நாங்கள் 50 சதவீதத்தைச் சோதி என்றோம், உள்ளே போனது 50 ரூபாயைச் சோதி என்று. அந்தப் பெயரில் ஒரு சோதனை உண்மையிலேயே இருந்தது, அது சரியாகவும் இருந்தது, பாஸ் ஆனது. இல்லாத பெயராகப் போயிருந்தால் "அப்படி ஒன்று இல்லை" என்றாவது வந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவசரத்தில் நாங்கள் மாற்றிய புரோகிராமின் தவறும் அதேதான். "50%" என்று வந்ததில் % குறியை வெட்டிவிட்டு, 50-ஐ ரூபாயாகக் கழித்திருந்தோம். புரோகிராமும் ஒரு % தின்றது, அதைப் பிடிக்க வேண்டிய கோப்பும் ஒரு % தின்றது.

திருத்தம் ஒரு நிமிடம்தான். பேட்ச் கோப்பில் %% என்று இரட்டித்தோம். சிவப்பு வந்தது. சிவப்பைப் பார்த்து நாலு பேர் கைதட்டியது அன்றைக்குத்தான்! பிறகு புரோகிராமில் இரண்டு வரி. பில் ரூ.1,620.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது வேறு. சோதனைகளுக்குப் பெயரை மதிப்பிலிருந்து எடுக்க விடாமல் நாங்களே வைத்தோம், ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். சதம்_50, ரூபாய்_50, லட்சுமி_4இஞ்ச், ரெட்_கிரீன் என்கிற மாதிரி. பைடெஸ்டில் ஐடி என்று தனியாகக் கொடுக்க இடம் உண்டு. உள்ளே மதிப்பு அண்ணாச்சியின் பட்டியலில் உள்ளபடியே 4" லட்சுமிதான், அதில் கை வைக்கவில்லை. வைக்கவும் கூடாது, ஏனென்றால் அந்த அங்குலக் குறி பில்லில் சரியாக அச்சாகிறதா என்பதும் சோதிக்க வேண்டிய விஷயம்.

பழைய பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் இரண்டு பழக்கம் உதவும். கலெக்ட்-ஒன்லி என்று போட்டால் சோதனைகளை ஓட்டாமல் பெயர்களை மட்டும் பட்டியலிடும், அங்கிருந்து நகல் எடுங்கள், நினைவிலிருந்து தட்டாதீர்கள். கட்டளைக்கு முன்னால் எக்கோ என்று போட்டு ஒருமுறை ஓட்டினால் காவலர் எதை விட்டார் என்பது தெரிந்துவிடும். & > மாதிரிக் குறி மேற்கோளுக்கு வெளியே நின்றால் எக்கோவும் அதே பள்ளத்தில் விழும், அது வேறு. "1 பாஸ்டு" என்பதோடு திருப்தி ஆகாமல் -வி போட்டு எந்தப் பெயர் பாஸ் ஆயிற்று என்றும் படியுங்கள். விண்டோஸில் பவர்ஷெல் வைத்திருப்பவர்களுக்கு ஒற்றை மேற்கோள் செல்லும். ஆனால் அதற்குள் இருக்கும் அங்குலக் குறி 7.3 பதிப்புக்கு முந்தையவற்றில் புரோகிராமுக்குப் போய்ச் சேராது. விண்டோஸோடு வருகிற 5.1-உம் அந்த முந்தைய கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

கடைசியாக, லேப் மேனுவலை வேர்டில் அடித்து வாங்குகிறோம் இல்லையா, அதில் நேரான மேற்கோள் குறியை வேர்டே வளைத்து அழகாக்கிவிடும். வளைந்த குறி பாஷுக்கு மேற்கோளே இல்லை, சாதாரண எழுத்து. இரண்டு சின்னக் கோடு சேர்ந்த -- குறியையும் ஒரே நீளக் கோடாக்கிவிடும். இந்த மலரும் அச்சுக்கோர்ப்பில் எத்தனை கை மாறி வருமோ தெரியாது. மேலே உள்ள கட்டளைகளில் குறிகள் வளைந்து அச்சாகியிருந்தால் அது என் தப்பில்லை, நேராகத் தட்டிக்கொள்ளுங்கள்.